சாய்வு நான்குக்குப் பதில் மூன்று: தங்கத் தகட்டில் ஆல்ஃபா சிதறல் சோதனையில் எங்கே பிசகுகிறது?

கேள்வி: அமெரிசியம்-241 மூலம், 2 மைக்ரோமீட்டர் தங்கத் தகடு, சிலிக்கான் டிடெக்டர் கொண்டு ரூதர்ஃபோர்டு சிதறலை (அணுக்கருவின் மின்விசையால் ஆல்ஃபா துகள்கள் திசை திரும்புவதை) 5° முதல் 60° வரை அளந்தேன். செயல்முறைக் குறிப்பில் சொன்னபடி எண்ணிக்கை வீதத்தை 2π சைன்(கோணம்) கொண்டு பெருக்கி, சைன்(அரைக்கோணம்) எதிராக லாக்-லாக் வரைபடம் போட்டேன். சாய்வு −4 வர வேண்டும், −3.1 தான் வருகிறது. 10 நிமிடத்தில் +15°-இல் 512, −15°-இல் 270 எண்ணிக்கை. 60°-இல் அரை மணி நேரத்தில் 9 கிடைத்தது. 50°-க்கு மேல் கோடு தட்டையாகிவிடுகிறது. கருவியில் கோளாறா? அடுத்து அலுமினியத் தகடு வைத்து அணு எண் சார்பையும் பார்க்கலாமா?

பதில்: கருவி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. உங்கள் தரவில் மூன்று தனித்தனிப் பிசகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. முதலாவது கணக்கில், இரண்டாவது கோணத்தின் சுழியில், மூன்றாவது பின்னணி எண்ணிக்கையில். இந்த வரிசையிலேயே களையுங்கள். வரிசை மாறினால் ஒன்றின் பிழையை இன்னொன்றின் திருத்தம் மூடி மறைத்துவிடும்.

முதலில் அந்த சைன் பெருக்கலை எடுத்துவிடுங்கள். ரூதர்ஃபோர்டு வாய்பாட்டில் வரும் 1/சைன்⁴(அரைக்கோணம்) என்பது ஒரு திண்மக் கோண (முப்பரிமாணக் கோண) அலகுக்குள் சிதறும் துகள்களின் பங்கு. உங்கள் டிடெக்டரின் பரப்பும் தகட்டிலிருந்து அதன் தொலைவும் எல்லாக் கோணங்களிலும் ஒன்றே. ஆக அது பிடிக்கும் திண்மக் கோணம் மாறிலி. கிடைத்த எண்ணிக்கையை அப்படியே வாய்பாட்டோடு ஒப்பிடலாம், வேறெதையும் பெருக்கத் தேவையில்லை. சைன்(கோணம்) கொண்டு பெருக்கினால் கிடைப்பது வேறொரு அளவு: அந்தக் கோணத்தில் அச்சைச் சுற்றி அமையும் முழு வளையத்துக்குள் சிதறுபவை எத்தனை என்பது. அதன் வடிவம் காஸ்(அரைக்கோணம்)/சைன்³(அரைக்கோணம்). 10°-க்கும் 30°-க்கும் இடையே அதன் சாய்வைக் கணக்கிட்டால் −3.03 வரும். உங்கள் −3.1 எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்திருக்கும். வளையத்துக்கான எண்ணிக்கையைத் திண்மக் கோணத்துக்கான வாய்பாட்டோடு ஒப்பிடச் சொல்லும் குறிப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன; பெருக்கல் பிழையல்ல, பெருக்கியதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பிழை. 1913-இல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தைச் சேர்ந்த கைகரும் மார்ஸ்டனும் தங்கத்தில் 15°-இல் 1,32,000, 150°-இல் 33.1 என்று ஒளிப்பொறிகளை எண்ணியபோது, எண்ணிக்கையை நேராக சைன்⁴(அரைக்கோணம்) கொண்டுதான் பெருக்கிப் பார்த்தார்கள். எண்ணிக்கை நாலாயிரம் மடங்கு மாறிய இடத்தில் அந்தப் பெருக்கற்பலன் 38-இலிருந்து 29-க்குத்தான் இறங்கியது.

அடுத்தது கோணத்தின் சுழி. இந்தச் சோதனையில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். எண்ணிக்கை கோணத்தின் நான்காம் அடுக்கில் சரிவதால், கோணத்தில் 1% பிழை எண்ணிக்கையில் 4% ஆகிறது. 10°-இல் வெறும் 1° தவறினால் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மாறிவிடும். அளவுகோல் 0° காட்டும்போது கற்றை உண்மையில் எங்கே போகிறது என்பதை அளவுகோலைப் பார்த்து அறிய முடியாது. எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும்.

உங்கள் தரவிலேயே விடை இருக்கிறது. சமச்சீர் இருந்தால் +15°, −15° இரண்டும் புள்ளியியல் பிழைக்குள் ஒத்துப்போக வேண்டும். விகிதம் 512/270 = 1.90. அதன் நான்காம் மூலம் 1.174. சுழி விலகல் = 15° × (1.174 − 1)/(1.174 + 1) = 1.2°. எண்ணிக்கைகளின் பிழையைச் சேர்த்தால் ±0.14°. கீழே சொல்லப்போகும் பன்மைச் சிதறலால் (தகட்டுக்குள் பல சிறு மோதல்கள் சேர்ந்து துகளைத் திருப்புவதால்) சிறு கோணத்தில் சரிவு நான்காம் அடுக்கைவிடச் சற்றுச் செங்குத்தாக இருக்கும். அதனால் இந்த 1.2° கொஞ்சம் மிகை. உண்மை 1°-க்கு அருகே இருக்கலாம். நீங்கள் +15° என்று எழுதிய புள்ளி உண்மையில் 14°, −15° என்று எழுதியது 16°. ஒருபக்கத் தரவை மட்டும் வைத்துச் சாய்வு கண்டால் + பக்கம் செங்குத்தாகவும் − பக்கம் மந்தமாகவும் வரும். இரு பக்கங்களின் சாய்வு வேறுபட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுழியைத்தான்.

இதைத் தனியாகவும் உறுதிசெய்யுங்கள். தகட்டை எடுத்துவிட்டு, 1 மி.மீ. பிளவு மட்டும் வைத்து, −6° முதல் +6° வரை 1° இடைவெளியில் நேரடிக் கற்றையை அளங்கள். உச்சப் புள்ளியை மையமாகக் கொள்ளாதீர்கள். உச்சி தட்டையாக இருக்கும், அதில் இடம் பிடிப்பது கடினம். இருபுறமும் எண்ணிக்கை பாதியாகும் கோணங்களைக் கண்டு அவற்றின் நடுவை எடுங்கள். இந்த நடுவும், தகட்டோடு ± பக்கங்களிலிருந்து கிடைத்த சுழியும் கால் பாகைக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. போகவில்லையென்றால் தகட்டின் சட்டமோ பிளவோ இருக்கையில் நேராக உட்காரவில்லை. கழற்றி மாட்டிவிட்டு மறுபடி அளங்கள்.

பெருங்கோணத் தட்டைக்குக் காரணம் பின்னணி. 15°-இல் உங்களுக்கு நொடிக்குச் சுமார் 0.6 எண்ணிக்கை. அதிலிருந்து கணக்கிட்டால் 60°-இல் மணிக்கு 7 முதல் 10 வரை வரலாம். அரை மணியில் நான்கோ ஐந்தோ எதிர்பார்க்கலாம், உங்களுக்கு 9 வந்திருக்கிறது. 9-இன் பிழை ±3. அந்த ஒற்றைப் புள்ளியை வைத்து எதையும் நிறுவ முடியாது, ஆனால் லாக்-லாக் கோட்டின் வாலைப் பிடித்துத் தூக்க அது போதும். மணிக்கு 4 பின்னணி எண்ணிக்கை என்பது 15°-இல் கண்ணுக்கே தெரியாது. 60°-இல் அது சிதறலில் பாதியளவு. தகடு இல்லாத வெற்றுச் சட்டத்தை வைத்து, அதே கோணத்தில், அதே நேரம் எண்ணிப் பின்னணியைக் காணுங்கள். பிளவின் விளிம்பில் பட்டுத் தெறிப்பவை கோணத்துக்குக் கோணம் மாறும், ஆகவே ஒரே இடத்துப் பின்னணியை எல்லாவற்றிலும் கழிப்பது சரியாகாது. அறை வெளிச்சமும் ஒரு காரணம்: சிலிக்கான் டிடெக்டர் ஒளியையும் உணரும். வெற்றிடக் கலத்துக்குக் கண்ணாடி மூடி இருந்தால் கறுப்புத் துணி போர்த்தி ஒருமுறை, போர்த்தாமல் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நேரத்தையும் கோணத்துக்கேற்பப் பங்கிட வேண்டும். 400 எண்ணிக்கைக்கு 5% பிழை. உங்கள் வீதத்தில் 15°-க்கு 11 நிமிடம் போதும், 20°-க்கு 40 நிமிடம், 30°-க்கு மூன்றரை மணிக்குமேல், 40°-க்கு ஏறக்குறைய 12 மணி. எல்லாக் கோணத்துக்கும் பத்துப் பத்து நிமிடம் என்று வைத்தால் சிறு கோணப் புள்ளிகள் மட்டுமே பேசும், அவைதான் நம்பத்தகாதவை.

ஏன் நம்பத்தகாதவை? வாய்பாடு ஒற்றை மோதலுக்கானது. 2 மைக்ரோமீட்டர் தங்கத்தைக் கடக்கும் ஆல்ஃபா ஒரு பெரிய மோதலோடு எண்ணற்ற சிறு மோதல்களையும் சந்திக்கிறது. அவை மட்டுமே கற்றையை, ஒரு தளத்தில் அளந்தால், சுமார் 3.5°–4° திட்ட விலகலோடு பரப்பிவிடுகின்றன. 10°-க்குக் கீழே நீங்கள் அளப்பது பரந்துபோன கற்றையின் ஓரத்தை. அங்கே ரூதர்ஃபோர்டு விதியைத் தேடுவதில் பொருளில்லை. 5° புள்ளிகளை நீக்கிவிடுங்கள். அதற்கு மேலும் பாதிப்பு உடனே மறையாது. தோராயக் கணக்கில், ஒற்றை மோதல் தருவதைவிட 15°-இல் பாதியளவு கூடுதல், 20°-இல் கால் பங்கு, 30°-இல் எட்டில் ஒரு பங்கு. அதனால் எல்லாம் சரியாகச் செய்தபின் 20°–30° பகுதியில் சாய்வு −4.3 என்று வந்தால் திகைக்க வேண்டாம், இந்தத் தடிமனுக்கு அதுதான் நியாயமான விடை. சரியாக −4.00 வந்தால்தான் எதையோ எதுவோ ஈடுகட்டியிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். 1 மைக்ரோமீட்டர் தகடு கிடைத்தால் இந்தக் கூடுதல் பாதியாகும், எண்ணிக்கையும் பாதியாகும். பலர் துல்லியம் வேண்டிப் பிளவைக் குறுக்கிக்கொண்டே போகிறார்கள். பிளவைவிடத் தகடே அதிகம் கலங்கடிக்கும் அமைப்பில் அது எண்ணிக்கையை வீணாக இழக்கும் வேலை.

மீட்சிச் சிதறல் என்பதால் ஆல்ஃபாவின் ஆற்றல் குறையாது என்று எண்ணிவிடக் கூடாது. மாறாமல் இருப்பது மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த இயக்க ஆற்றல். தங்க அணுக்கரு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது: 60°-இல் 2%, 90°-இல் 4%, நேர் பின்னே திரும்பினால் 8%. அது சிறிது. பெரிய இழப்பு தகட்டிலுள்ள எலக்ட்ரான்களிடம் நிகழ்வது, மைக்ரோமீட்டருக்குச் சுமார் 0.4 மெகா எலக்ட்ரான் வோல்ட். 5.5-இல் புறப்பட்ட துகள் நேரே கடந்தால் 4.6-இல் வெளிவரும். 60°-இல் சாய்வாக வெளியேறுபவை தகட்டுக்குள் இருமடங்கு தூரம்வரை போவதால் 3.5 அளவுக்கு இறங்கலாம். மூலத்தின்மேல் காப்புப் படலம் இருந்தால் இன்னும் குறையும். குறித்த ஆற்றலுக்குக் கீழான துடிப்புகளை எண்ணாமல் விடும் டிஸ்கிரிமினேட்டரை 3-இல் வைத்துவிட்டுப் பெருங்கோணத்தில் எண்ணிக்கை குறைகிறதே என்று தேடுபவர்கள் உண்டு. இரைச்சலுக்கு மேலே, 1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே வையுங்கள். அமெரிசியத்தின் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா அந்த எல்லையைத் தாண்டாது. வெற்றிடம் 1 மில்லிபார் இருந்தால் தாராளம்: 10 செ.மீ. பாதையில் இழப்பு 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவே. 50 மில்லிபாரில் அதே பாதை அரை மெகா எலக்ட்ரான் வோல்ட் வாங்கிவிடும். பம்ப்பைத் திறப்பதும் காற்றை உள்ளே விடுவதும் மெதுவாக நடக்கட்டும், திடீர்க் காற்று தகட்டைக் கிழித்துவிடும். இருட்டில் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ஊசித்துளைகள் புள்ளியாக ஒளிரும். அப்படிப்பட்ட தகடு வேண்டாம். மூலத்தின் முகப்பை விரலாலோ பஞ்சாலோ தொடக் கூடாது. படலம் கீறினால் அமெரிசியம் கைக்கு வரும், ஆல்ஃபா ஆபத்தாவது உடலுக்குள் போகும்போதுதான். இடுக்கியால் ஓரத்தைப் பிடியுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள்.

பொருத்தும் முறைக்கு வருவோம். பின்னணியைக் கழித்து மடக்கை எடுத்து நேர்கோடு போடுவதை விட்டுவிடுங்கள். கழித்தபின் எண் சுழியாகவோ எதிர்க்குறியாகவோ வந்தால் மடக்கையே இல்லை, சிறு எண்ணிக்கைகளின் பிழையும் கோணலாகிவிடும். எண்ணிக்கையை நேராக, பெருக்கு மாறிலி ÷ சைன்⁴((கோணம் − சுழி)/2) + பின்னணி என்ற கோவைக்குப் பொருத்துங்கள். வெற்றுச் சட்டத்தில் கண்ட பின்னணியைத் தொடக்க மதிப்பாகக் கொடுங்கள். புள்ளிகள் இருபுறமும் 15° முதல் 40° வரை இருக்கட்டும். முதலில் அடுக்கை 4 என்று நிலைநிறுத்திச் சுழியைக் காணுங்கள், பிறகு அடுக்கையும் விடுவியுங்கள். ஒருபக்கத் தரவோடு இதைச் செய்தால் சுழியும் அடுக்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எங்கேயோ போய் நிற்கும்.

அலுமினியம் வைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள அணுக்கள் இரண்டிலும் ஏறக்குறைய சமம், ஆகவே ஒரே தடிமனுக்கு விகிதம் (79/13)² = 37. 8 மைக்ரோமீட்டர் அலுமினியம் என்றால் தங்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு எண்ணிக்கை. அந்தத் தடிமன் வசதியானது, ஆற்றல் இழப்பு 1.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் தங்கத்தோடு ஓரளவு ஒத்துப்போகிறது. ஒப்பீட்டை 15°-இல் செய்யாதீர்கள்: அங்கே தங்கத்தின் எண்ணிக்கையைப் பன்மைச் சிதறல் ஊதிவிட்டிருக்கும், அலுமினியத்தில் அது மிகக் குறைவு, விகிதம் 9-க்குப் பதில் 13-ஐ நெருங்கும். 25°-க்கு மேல் போங்கள். ஆனால் பெருங்கோணம்வரை நீட்டவும் வேண்டாம். நேர் மோதலில் 5.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா தங்க அணுக்கருவை 42 ஃபெம்டோமீட்டருக்கு (1 ஃபெம்டோமீட்டர் = 10⁻¹⁵ மீட்டர்) மேல் நெருங்காது. அலுமினியத்தில், அணுக்கரு பின்வாங்குவதையும் சேர்த்தால், எட்டுக்கும் குறைவு. அது அணுக்கரு விசை எட்டும் தூரத்தின் வாசல், அங்கே மின்விசையை மட்டும் கொண்ட வாய்பாட்டை நம்ப முடியாது.