மறுமொழி: அம்மாவுடன் அண்டார்டிகா, எந்தத் தளத்தில் அறை எடுப்பது?

மேல்தளத்து பால்கனி அறையா, கீழ்த்தளத்து வட்ட ஜன்னல் அறையா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்குக் குமட்டல் வரும் என்கிறீர்களே, அப்புறம் என்ன யோசனை? கீழ்த்தளம்தான், அதுவும் கப்பலின் நடுவில். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள ட்ரேக் கடலைக் கடக்கவே ஏறக்குறைய 2 நாள் ஆகும். அலை தூக்கினால் மேல்தளமும் முன்முனையும்தான் பேயாட்டம் ஆடும். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்கால் வலிதான் எனக்குக் கவலை. கப்பல் கரையை ஒட்டி நிற்காது. பக்கவாட்டுப் படிகளில் இறங்கி, சோடியாக் என்ற ரப்பர் படகில் ஏற வேண்டும். அது அலையில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். மாலுமி கை நீட்டினால் விரல்களைப் பிடிக்கக் கூடாது. அவர் முன்கையை நாமும் நம் முன்கையை அவரும் பற்றிக்கொள்ள வேண்டும், வழுக்காது. கரையில், படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கால்களை வெளியே போட்டு, ஆழமில்லாத தண்ணீரில் இறங்குவார்கள். உயரமான கட்டில் விளிம்பில் அம்மாவை இப்போதே செய்து பார்க்கச் சொல்லுங்கள். முடியவில்லையா, பரவாயில்லை. இறங்காமல் பனிப்பாறைகளுக்கிடையே படகிலேயே சுற்றி வரும் நாட்களும் உண்டு. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது. உங்கள் கப்பலில் 120 பேர் என்பதால் காத்திருப்பு அதிகம் இருக்காது. நிகழ்ச்சி நிரலை மட்டும் நம்பாதீர்கள், காற்று அடித்தால் எல்லாம் மாறும்.

உடம்பு முடியாமல் போனால் அங்கிருந்து அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தீர்களா?