பழைய படத்தில் கறுப்பாகத் தெரிவது கறுப்புதானா?

கேள்வி: டாடா கலை இயக்கக் கவிஞர் ஹ்யூகோ பால் 1916-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், காபரே வோல்டேர் என்ற கலை விடுதியின் மேடையில் அணிந்த அட்டை உடையைக் கல்லூரி நாடகத்துக்காகச் செய்யப்போகிறோம். கையில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நிறங்களை எப்படித் தீர்மானிப்பது?

பதில்: படத்தில் கறுப்பாகத் தெரிவதால் அடர்நிறம், வெளுப்பாகத் தெரிவதால் இளநிறம் என்று நினைத்துப் பெயின்ட் வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் பிலிமுக்குப் பதில் பொதுவாகப் புழங்கிய கண்ணாடித் தகடுகளில் நீலம் நன்றாகப் பதியும், சிவப்பு ஏறக்குறைய பதியவே பதியாது. அதனால் பளிச்சென்ற சிவப்பு கன்னங்கரேலென்று விழும், நீலம் வெளுத்துப்போகும். சிவப்பையும் சேர்த்துப் பதியும் பிலிம் பரவலானது 1920-களின் பிற்பகுதியில்தான்.

நல்லவேளை, இந்த உடைக்கு ஊகம் அதிகம் தேவையில்லை. பால் தன் நாட்குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். இடுப்புவரை கால்களை மூடிய, பளபளக்கும் நீல அட்டை உருளை. அதற்கு மேல் அட்டையில் வெட்டிய பெரிய காலர். உள்பக்கம் செக்கச்சிவப்பு, வெளிப்பக்கம் தங்க நிறம். தலையில் நீலமும் வெள்ளையும் வரிவரியாக ஓடும் உயரமான தொப்பி. இதைப் படித்துவிட்டு அந்தப் படத்தை மறுபடி பாருங்கள், வேறு படமாகவே தெரியும்.

எழுத்தில் கிடைக்காத பகுதிகளுக்கு ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் நினைக்கும் நிறங்களில் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் போனில் படமெடுங்கள். எடிட்டிங் ஆப்பில் கறுப்பு வெள்ளையாக்கி, சிவப்பை அடியோடு குறைத்து நீலத்தைக் கூட்டுங்கள். பழைய படத்தோடு ஒத்துவராத நிறங்களைத் தள்ளிவிடலாம். ஒத்துவருவதெல்லாம் சரியான நிறம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது; ஒரே சாம்பலுக்குள் இரண்டு மூன்று நிறங்கள் இருக்கும்.

அளவுக்கு முகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலரின் அகலம் படத்தில் எத்தனை முகநீளம் என்று எண்ணி, உங்கள் நடிகரின் முகநீளத்தால் பெருக்கினால் போதும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: அசைவு. நிறத்தைவிட எனக்கு இதில்தான் கவலை. அசையாமல் நிற்கும் அந்தப் படத்தில் இது தெரியாது. முழங்கையை உயர்த்தித் தாழ்த்தினால் இறக்கைபோல் அசையும்படி காலரைக் கழுத்தில் பொருத்தியிருந்தார் பால். ஒலிக்கவிதை, அதாவது பொருளுள்ள சொற்கள் இல்லாமல் வெறும் ஒலிகளாலான கவிதை, வாசிக்கும்போது அதைத்தான் படபடவென்று அடித்தார். கனமான அட்டையில் செய்தால் உங்கள் நடிகருக்குச் சீக்கிரமே கை வலிக்கும்; மெல்லிய அட்டையே எடுங்கள். உருளைக்குள் கால் இருந்ததால் அவரால் நடக்க முடியவில்லை. இருட்டில் தூக்கிவந்துதான் மேடையில் நிறுத்தினார்கள். தூக்குவதற்கு இரண்டு பேரையும் விளக்குப் போடுபவரையும் முதல் ஒத்திகைக்கே வரச்சொல்லுங்கள்.