வாசகர் கேள்வி: செடி நடுவதற்கும் பர்மிட்டா?

கே: டர்பனுக்குத் தெற்கே, ஒரு கழிமுகத்தை ஒட்டி எங்கள் மனை இருக்கிறது ஐயா. பின்வேலிக்கு அப்பால் நாணலும் சேறும்தான். வருஷா வருஷம் கரை சரிகிறது, வேலிக்கால் இரண்டு இப்போது அந்தரத்தில் தொங்குகின்றன. அமெரிக்காவில் இருக்கும் தம்பி, "சுவர் கட்டாதே அக்கா, லிவிங் ஷோர்லைன் போடு" என்கிறான். தேங்காய்நார் உருளை, சிப்பி மூட்டை, சதுப்புச் செடி, இவ்வளவுதானாம். இங்கே ஒரு காண்டிராக்டர், "செடி நட யார் பர்மிட் கேட்கப்போகிறார்கள்" என்று அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?
(ஒரு வாசகி, தென்கரை)

ப: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் அம்மா. தம்பி சொன்னதில் தப்பில்லை. சுவர் கட்டினால் அலை முட்டித் திரும்பி அடிமண்ணைத் தோண்டும், சுவர் முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கரையைத் தின்னும்; செடியும் நார் உருளையும் இருந்தால் தண்ணீரின் வேகம் அதற்குள் அடங்கி, வண்டல் அங்கேயே தங்கும். ஆனால் தம்பி ஊரில் இதற்கென்றே ராணுவப் பொறியாளர் படையின் தேசிய பர்மிட் 54 என்று ஒன்று 2017-இலிருந்து இருக்கிறது. கரையோரமாக 500 அடி, தாழ்நீர்க் கோட்டிலிருந்து தண்ணீருக்குள் 30 அடி என்று அளவுகூடச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் மாநில அனுமதி தனிக்கதை, ஜார்ஜியாவில் கடலோரச் சதுப்புநிலத்துக்கென்று 1970-லேயே சட்டம் வந்துவிட்டது.

நம் தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு தனி வழி கிடையாது. நீங்கள் போடுவது செடியா கான்கிரீட்டா என்பதைவிட, எந்த இடத்தில், எத்தனை கன மீட்டர் என்பதைத்தான் இங்கே சட்டம் முதலில் பார்க்கிறது. 2014-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளில் 2017-இல் சேர்த்த 19ஏ என்ற பிரிவுப்படி, கழிமுகத்திலோ அதன் உயர்நீர்க் கோட்டிலிருந்து (ஓதம் ஏறி நிற்கும் மேல் எல்லை) 100 மீட்டருக்குள்ளோ 5 கன மீட்டருக்கு மேல் எதையும் கொட்டினாலும் அள்ளினாலும் முன் அனுமதி வேண்டும். 5 கன மீட்டர் என்பது ஒரு சின்ன டிப்பர் லோடு, அவ்வளவுதான். கரையைத் தாங்க அணையோ பாறை அடுக்கோ தடுப்போ கட்டினால் 17-ஆம் பிரிவும் வரும். இன்னொன்று: கழிமுகம் என்றால் தண்ணீர் தெரிகிற இடம் மட்டும் இல்லை. பொதுவாகக் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் உயரக் கோடு வரை அந்தக் கணக்கில் வரும், உங்கள் துணி காயப்போடும் இடமே அதற்குள் இருக்கலாம்!

அனுமதி தேவைப்பட்டால் அதற்கான நடைமுறைக்குப் பெயர் அடிப்படை மதிப்பீடு. பதிவுபெற்ற சுற்றுச்சூழல் ஆலோசகர் ஒருவர் செய்ய வேண்டும், அக்கம்பக்கத்தாரிடம் 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். விண்ணப்பித்த 90 நாளில் அறிக்கை, அப்புறம் மாகாணச் சுற்றுச்சூழல் துறை முடிவு சொல்ல 107 நாள். இது போதாதென்று 1998-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் குறுக்கே வரலாம். கரையில் கருப்புக் கண்டலோ சிவப்புக் கண்டலோ (மாங்குரோவ் மரங்கள்) நின்றால் அவை பாதுகாக்கப்பட்ட மரங்கள், உரிமம் இல்லாமல் ஒரு கிளைகூட வெட்டக் கூடாது.

அதனால் ஆலோசகரைத் தேடும் முன்பே கரையைப் பாருங்கள். பெருமழைக்கு மறுநாள் மேல்விளிம்பு வெடித்து மண் முன்னால் சரிந்து கிடந்தால் குற்றவாளி உங்கள் கூரைத் தண்ணீரும் வாசல் வடிகாலும்தான், அதைத் திருப்பிவிடும் வேலை பெரும்பாலும் மேட்டிலேயே முடிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்துக்குப் பிறகு அடியில் குகை மாதிரிக் குடைந்திருந்தால்தான் நார் உருளை வேண்டும். பிரேசிலியன் பெப்பர் மரம் கரையில் இருக்கிறதா? அது வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் மரம், அகற்றத்தான் வேண்டும், ஆனால் வேரோடு பிடுங்காதீர்கள். அடியோடு வெட்டி, அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவி, புது நாணல் பிடிக்கும்வரை வேரை மண்ணிலேயே விடுங்கள்.

சிப்பி மூட்டையை மறந்துவிடுங்கள். நம் கடற்கரையில் பல கழிமுகங்கள் மணல்மேடு அடைத்து மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும், தண்ணீர் ஏறும், உப்பு குறையும், அதில் சிப்பி எப்படி நிற்கும்? கண்டல்கூட மூச்சுவேர் மூழ்கினால் தாங்காது. 1965-இல் மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி வளைகுடாவின் வாய் ஐந்து மாதம் அடைபட்டுக் கண்டல்கள் கூட்டமாகச் செத்தன. தண்ணீர் ஏறி இறங்குவதைத் தாங்க நாணலும், ஜூலு மக்கள் பாய் முடையும் இன்செமா கோரையும்தான் சரி.

நகராட்சியின் கடற்கரைப் பிரிவுக்குப் படமும் அளவும் வைத்து, "இதற்கு அனுமதி வேண்டுமா, வேண்டாமா" என்று எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகும் காண்டிராக்டர் வேலைக்கு வந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

கே: அரித்துப்போன நிலத்துக்கு அரசு நஷ்டஈடு தருமா?

ப: பொதுவாகத் தராது. 2008-ஆம் ஆண்டு கடற்கரை மேலாண்மைச் சட்டப்படி உயர்நீர்க் கோடு உங்கள் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தால், கோட்டுக்குக் கீழே போன துண்டு உங்களுடையது இல்லை. அரசு அமைப்பின் செயலாலோ கவனக்குறைவாலோ கோடு நகர்ந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும் பேச்சே வேறு. கரையைக் காப்பாற்றித் தா என்று கேட்கவும் சாதாரணமாக உரிமை கிடையாது.

கே: போன வருஷமே மூன்று லாரி பாறை கொட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

ப: மேலே ஒரு கல்கூடப் போடாதீர்கள். 1998-ஆம் ஆண்டு தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 24ஜி பிரிவில் நீங்களாகவே போய் விண்ணப்பிக்கலாம். அபராதம் கட்ட வேண்டும், கட்டினாலும் அனுமதி உறுதி இல்லை, பழையபடி ஆக்கச் சொல்லவும் செய்வார்கள். பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகப் பாறையைத் திரும்ப அள்ளிவிடாதீர்கள், அள்ளுவதும் அதே 5 கன மீட்டர் கணக்கில்தான் வரும்.