எத்தனை தரம் சொல்ல வேண்டும்?

கேள்வி: மகனுக்கு 4 வயது. பேச்சு அப்ராக்சியா என்கிறார்கள். சிகிச்சை கிழமைக்கு அரை மணித்தியாலம்தான். வீட்டில் எவ்வளவு நேரம் பழக்க வேண்டும்?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: நேரத்தை விட எண்ணிக்கையைப் பாருங்கள். பேச்சு அப்ராக்சியாவில் தசை பலவீனமில்லை. வாயை எந்த ஒழுங்கில் அசைப்பதென்ற மூளையின் திட்டமிடல்தான் தடுமாறுகிறது. ஆகவே பலூன் ஊதுவது, நாக்கை நீட்டுவது எல்லாம் வீண். சொல்லையே சொல்லிப் பழக வேண்டும்.

சிகிச்சையாளரிடம் கேட்டு அன்றாடம் உதவும் 5 சொற்களை எடுங்கள்: தா, போ, பால், அம்மா, வேணாம். நாளுக்கு 3 தரம், 5 நிமிடப்படி. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் டின்னுக்குள் ஒரு புளியங்கொட்டை. (கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் கொட்டை வேண்டாம், கோடு போடுங்கள்.) ஒரு தரத்துக்கு 35 விழுந்தால் நாளுக்கு 100ஐத் தாண்டும்.

முதலில் உங்கள் வாயைப் பார்க்க வைத்து, மெதுவாக இழுத்து, இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். பிடிபட்டதும் நீங்கள் முன்னால், அவர் பின்னால். பிறகு சொற்களை மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

பலர் சறுக்குவது எண்ணிக்கை ஆசையில். ‘பால்’ வெறும் ‘பா’வாக வந்தால் கொட்டை போடாதீர்கள், மறுபடி சேர்ந்து சொல்லுங்கள். பிழையை 100 தரம் சொன்னால் பிழைதான் படியும்.