கிருஷ்ணகிரி பக்கம் நான்வோவன் துணி தயாரிக்கும் ஆலை போடலாமா?

கேட்டிருப்பது இரண்டு கேள்வி: நெசவே இல்லாமல் நான்வோவன் துணி எப்படி உருவாகிறது? காவேரிப்பட்டணம் அருகே சொந்த இடம் இருக்கிறது, பை தைக்கும் நான்வோவன் துணிக்கு மெஷின் போடலாமா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். பைத் துணி என்றால் வேண்டாம். ஊசி குத்தி நாரைச் சிக்கவைத்துச் செய்யும் தடித்த விரிப்பு, அதாவது ஃபெல்ட் என்றால் உட்கார்ந்து பேசலாம். ஓசூரில் காருக்குள் போடும் ஃபெல்ட் செய்கிற ஆலையில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசுகிறேன்.

பைத் துணி பார்க்கத் துணி, பொருளில் பிளாஸ்டிக். முழுக்கப் பாலிப்ரொப்பிலீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடையில் நெய்யாத பைகளும் பட்டியலில் உண்டு. ஒன்றிய அரசு விதி 2021 செப்டம்பர் 30 முதல் சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த நான்வோவன் பைகளைத்தான் தடுக்கிறது. அதைக் காட்டி ‘60-க்கு மேல் போனால் பிரச்சினை இல்லை’ என்று மெஷின் விற்பவர்கள் சொல்வார்கள். நம் மாநிலத் தடை அதைவிடக் கடுமையானது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று 2021 டிசம்பரில் அரசே இயக்கம் தொடங்கிய பிறகும் கடைகளில் இந்தப் பை தொங்குகிறதே என்றால், தொங்குகிறது, உண்மை. கடைக்காரருக்கு அபராதத்தோடு போய்விடும். கடன் வாங்கி மெஷின் போட்டவர் கதை அப்படி முடியாது.

இன்னொன்று, அந்தத் துணி செய்கிற ஸ்பன்பாண்ட் லைன் சின்ன ஷெட்டில் ஓட்டுகிற சமாச்சாரமே இல்லை. பாலிப்ரொப்பிலீன் குருணையை உருக்கி, ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ள தட்டு வழியாக இழைகளாக இறக்கி, காற்றால் இழுத்து மெல்லியதாக்கி, அடியில் உறிஞ்சும் வலைப் பெல்ட்டின் மேல் விழவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே ஓடவிடுகிறார்கள். குருணை உள்ளே போனால் துணி ரோலாக வெளியே வரும். மாடிக் கட்டட உயரம், நிற்காத மின்சாரம், பல கோடி முதலீடு எல்லாம் வேண்டும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உருக்கிய பிளாஸ்டிக் கருகித் துளை அடைத்துக்கொள்ளும். பெரிய ஆலைகளோடு கிலோவுக்கு இத்தனை பைசா என்று மோதுவது புதிதாக வருபவரால் ஆகாது.

இனி முதல் கேள்வி. நெய்யாத துணியில் வேலை இரண்டுதான். நாரைப் பரப்புவது, பரப்பியதைப் பிணைப்பது. கேட்பவர்கள் எல்லோரும் ‘எப்படி ஒட்டுகிறார்கள்’ என்றே கேட்கிறார்கள். ஆலைக்குள் எங்களை அழவைப்பது அதற்கு முந்தைய வேலை. சீராகப் பரப்பிய நாரை நாலு வழியில் பிணைக்கலாம். திட்டுத்திட்டாகப் பரப்பியதை எந்த வழியாலும் காப்பாற்ற முடியாது.

கல்யாண வீட்டில் கொடுத்த நான்வோவன் தாம்பூலப் பை ஒன்று வீட்டில் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேகம் போல வெளுப்பும் அடர்த்தியுமாகத் தெரிந்தால் இழை சரியாக விழவில்லை. வெளுத்த இடத்தில்தான் கிழியும். மேலே தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகள் புடைப்பு உருளை அழுத்திய இடங்கள். அங்கே மட்டும் இழைகள் உருகி ஒட்டியிருக்கும், புள்ளிகளுக்கு நடுவே ஒட்டாமல் கிடக்கும். அதனால்தான் தாள் போல விறைக்காமல் துணி மாதிரி மடிகிறது, காற்றும் போகிறது.

எங்கள் ஃபெல்ட் லைன் வேறு மாதிரி. வெட்டிய பாலியஸ்டர் நார் பேலாக, அதாவது அழுத்திக் கட்டிய பொதியாக வரும். பெரும்பாலும் பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி எடுத்தது. பேலை உடைத்து, கலந்து, கார்டிங் மெஷினுக்கு அனுப்புவோம். ரம்பப் பல் போன்ற கம்பி சுற்றிய பெரிய உருளை நாரைச் சிக்கெடுத்துச் சிலந்திவலை போன்ற படலமாக விடும். ஒரு படலத்துக்கு எடையே இருக்காது. அதைக் கிராஸ் லேப்பர் என்ற மெஷின் குறுக்கும் மறுக்குமாக மடித்து மடித்துக் கீழே நகரும் பெல்ட்டின் மேல் அடுக்கும். எத்தனை மடிப்பு என்பதை வைத்து 200 ஜிஎஸ்எம்மா (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) 600 ஜிஎஸ்எம்மா என்பது முடிவாகும்.

கோளாறு இந்த இடத்தில்தான். லேப்பரின் கை இரண்டு ஓரத்திலும் திரும்புவதற்காக வேகம் குறைக்கும். அந்த நேரத்தில் நார் கூடுதலாக விழும். ஓரம் தடிக்கும், நடு மெலியும். நடுவில் ஜிஎஸ்எம் சரியாக வரட்டும் என்று ஏற்றினால் ஓரத்தில் நார் வீண். ஓரத்தை வெட்டி மறுபடி முதல் மெஷினில் போட்டால், இரண்டாம் முறை கார்டிங் ஆன நார் உடைந்து நீளம் குறையும். இதைச் சமாளிப்பதில்தான் லாபமும் நஷ்டமும். புது மெஷின்களில் இதைச் சரிசெய்யும் கட்டுப்பாடு வருகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஓடும் லைனிலிருந்து குறுக்காகப் பத்துத் துண்டு வெட்டித் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாசி, பங்குனியில் காற்று காய்ந்துவிட்டால் பாலியஸ்டர் நாரில் நிலைமின்சாரம் ஏறி, உருளையிலேயே சுற்றிக்கொண்டு இறங்கமாட்டேன் என்னும். நார்மேல் எண்ணெய்க் கரைசல் தெளிப்பது, ஷெட்டுக்குள் ஈரப்பதம் ஏற்றுவது எல்லாம் அதற்காகத்தான். கீழே காவேரிப்பட்டணத்தில் வெயில் இன்னும் அதிகம், கணக்கில் வையுங்கள்.

அடுக்கிய மெத்தையை ஊசி மெஷினுக்குள் விடுவோம். ஊசி என்றால் தையல் ஊசி இல்லை, நூலும் கிடையாது. முக்கோண வெட்டுமுகம் உள்ள எஃகு ஊசி, விளிம்புகளில் சின்னக் கொக்கிப் பள்ளங்கள். இறங்கும்போது மேல் நாரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போகும், ஏறும்போது விட்டுவிட்டு வரும். இப்படி ஆயிரக்கணக்கான ஊசிகள் ஒரே பலகையில் நிமிடத்துக்குப் பல நூறு முறை இறங்கினால் நார் நாரோடு சிக்கி ஃபெல்ட் ஆகிவிடும். பசை இல்லை, சூடும் இல்லை.

கணக்கு எளிது. பலகையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 3,000 ஊசி, நிமிடத்துக்கு 600 குத்து, லைன் வேகம் நிமிடத்துக்கு 3 மீட்டர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 குத்து விழும். குத்து கூடக்கூடப் பலம் ஏறும், ஓர் அளவுக்கு மேல் நாரே அறுந்து பலம் இறங்கும். வேகமும் ஊசி வரிசையும் ஒத்துப்போய்விட்டால் ஃபெல்ட்டின் மேல் கோடு கோடாகத் தடம் விழும். கார் கம்பெனிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஊசி முறிந்தால் துண்டு உள்ளேயே தங்கும், மெட்டல் டிடெக்டர் இல்லாமல் ரோல் அனுப்பாதீர்கள். தேய்ந்த ஊசிகளை மொத்தமாக மாற்றாமல் பகுதி பகுதியாக மாற்றுவோம், இல்லாவிட்டால் ஒரே நாளில் ஃபெல்ட்டின் குணம் மாறிவிடும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளித்தோல் 110 டிகிரி வாக்கில் இளகும் இருபொருள் நாரைக் கலந்து சூடான அறையில் ஓடவிட்டால் அதுவே பசையாகும். உள்ளே இருக்கும் பாலியஸ்டர் உருக 250-க்கு மேல் வேண்டும் என்பதால் வடிவம் கெடாது. ரசாயனப் பசை தெளித்து உலர்த்துவது பழைய முறை. அதிக அழுத்தத்தில் நீர் ஊசிகளைப் பீய்ச்சிச் சிக்கவைப்பது ஸ்பன்லேஸ், முகம் துடைக்கும் ஈரத்தாள்கள் அப்படித்தான் வருகின்றன. அந்த நீர்த்துளைகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஃபுளோரைடுக்குப் பயந்து ஒகேனக்கலிலிருந்து குடிநீர் கொண்டுவரும் மாவட்டங்கள் நம்முடையவை. போர் தண்ணீரின் உப்பில் அந்தத் துளைகள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் இடத்துக்கு எது பொருந்தும்? என் கணிப்பில் தென்னை நார் ஃபெல்ட். அரசம்பட்டி நெட்டைத் தென்னை பெயர் வாங்கிய பகுதி உங்களுக்குப் பக்கம், ‘ஏஎல்ஆர் 1’ ரகமே அதிலிருந்து தேர்வு செய்ததுதான். மட்டை உரித்து நார் எடுக்கும் இடத்திலேயே ஃபெல்ட் செய்தால் லாரி வாடகை மிச்சம். தென்னை நார் தடிப்பு என்பதால் எங்கள் கார்டிங் கம்பி அதைத் தாங்காது. முள் உருளையில் உதறிப் பரப்பி, அடியில் வலையோ சாக்குத் துணியோ கொடுத்துக் கனமான ஊசியில் குத்தவேண்டும். மெத்தைக்குள் ஸ்பிரிங் மேல் போட, சரிவில் மண் அரிக்காமல் விரிக்க, செடித் தொட்டிக்கு உள்விரிப்பாக என்று வாங்குகிறார்கள். நார் வாங்கும்போது ஈரத்தையும் மண்ணையும் தனியாக அளந்து கழித்துக் காசு கொடுங்கள். கிலோவுக்கு விலை பேசினால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் போகும்.

அடுத்தது பனியன் கழிவு. திருப்பூர், பெங்களூரு இரண்டிலிருந்தும் வெட்டுத்துண்டு ஓசூருக்கு வரும் தூரம்தான். அதைப் பிய்த்து நாராக்கி, உருகும் நார் கலந்து அழுத்தினால் வண்டிக்குள் சத்தம் அடக்கும் ஃபெல்ட். விலை கிடைக்கும். ஆனால் வண்டி கம்பெனிக்கு நேரடியாகவோ அவர்களுக்குப் பாகம் செய்பவர் வழியாகவோ அங்கீகாரம் வாங்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும்.

இரண்டிலும் ஒரு ஆபத்து பொது, தீ. பேலுக்குள் ஒரு ஆணி, ஒரு பட்டன் போதும். உருளையில் உரசிப் பொறி பறந்தால் குழாய் வழியே பஞ்சு அறை வரை நெருப்பு ஓடும். முதல் மெஷினுக்கு முன்னால் காந்தம், குழாயில் பொறி உணரும் கருவி, தினமும் தூசி வாருவது இவற்றை முதலீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் பார்க்கலாம் என்றால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும்போது பதில் இருக்காது.

உற்பத்தி எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு கணக்கு: 2 மீட்டர் அகலம், 300 ஜிஎஸ்எம், நிமிடத்துக்கு 3 மீட்டர் என்றால் மணிக்கு 108 கிலோ. நிற்கும் நேரம், ஓர வெட்டு கழித்து நீங்களே பாருங்கள். மெஷின் விற்பவரின் தாளில் இந்தக் கழிவு இருக்காது.

மகாராஷ்டிராவின் இச்சல்கரஞ்சியில் டிகேடிஇ கல்லூரியில் நெய்யாத துணிகளுக்கென்றே ஒன்றிய அரசின் உயர்திறன் மையம் இருக்கிறது. கோவையில் பிஎஸ்ஜி கல்லூரியில் தொழில்துறைத் துணிகளுக்கு ஒன்று, சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் மருத்துவத் துணிகளுக்கு ஒன்று. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் நாரில் ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு இவர்களில் யாரிடமாவது மாதிரி போட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்த மாதிரியோடு மெத்தை கம்பெனிகளைப் போய்ப் பார்த்து, அவர்கள் கேட்கும் தடிப்பும் எடையும் என்ன என்று எழுதி வாங்கிய பிறகு மெஷின் விலை பேசுங்கள்.