நடிகரா நடிகையா, பாடகரா பாடகியா: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

கோயில் திருவிழா நோட்டீஸ், சபா அழைப்பிதழ், மேடையில படிக்கற அறிமுகம் இதெல்லாம் எழுதறதுதான் ரொம்ப வருஷமா என் வேலை. கலைஞர்களை எப்படிக் குறிப்பிடறதுன்னு கேக்கச் சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஒண்ணொண்ணா வரேன்.

அக்கா, எங்க காலேஜ் விழாவுக்கு சினிமால நடிக்கற ஒரு மேடம் வர்றாங்க, நான்தான் தொகுத்து வழங்கறேன். "நடிகை"ன்னு சொல்லவா "நடிகர்"ன்னு சொல்லவா? நடிகர்னு சொன்னா பசங்க சிரிப்பாங்களோன்னு பயமா இருக்கு. (ஈரோடு)

முதல்ல அவங்க மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போடும்மா, "மேடத்தை எப்படி அறிமுகம் பண்ணணும்"னு. இதைக் கேக்க யாரும் கூச்சப்பட வேண்டாம், கேட்டா அவங்களுக்கு சந்தோஷம்தான். இப்போ நிறைய பேர் நடிகர்னே சொல்லச் சொல்றாங்க, நடிகைங்கற பேருல பெருமைப்படறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேரும் சொல்றது சரிதான், ஏன்னா அது அவங்க பேரு. பதிலே வரலைன்னா "திரைக்கலைஞர்"னு சொல்லு. பசங்க சிரிப்பாங்கன்னு நீ நினைக்கவே வேண்டாம், தென்னிந்திய நடிகர் சங்கம்னுதானே பேரு, அதுல ஆம்பளைங்க மட்டுமா மெம்பரா இருக்காங்க? அஞ்சலிதேவி அந்த சங்கத்துக்கே தலைவரா இருந்தவங்க.

நடிகர்ங்கறது ஆண்பால். பெண்ணை நடிகர்னு சொல்றது இலக்கணப் பிழை. இங்கிலீஷ்காரன் ஆக்டர்னு எல்லாரையும் சொல்றான்னு நாமளும் காப்பி அடிக்கணுமா? (தமிழாசிரியர், ஓய்வு)

ஐயா, வணக்கம். உங்களுக்கு நான் இலக்கணம் சொல்லக் கூடாது, ஆனா "அர்" விகுதி பலர்பால்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே உங்களை மாதிரி ஆசிரியருங்கதான். ஆண்பால் நடிகன், பெண்பால் நடிகை. நடிகர்ங்கறது ரெண்டு பேருக்கும் பொது, ஒருத்தரை மரியாதையா சொல்லவும் அதுதான். அவ்வையாரைப் புலவர்னுதானே சொல்றோம், புலவின்னா ஊடல், அது வேற விஷயம்.

என் ஆதங்கமே இதுலதான் இருக்கு. ஆம்பளைக்கு நடிகன், பாடகன்னு எழுதினா மரியாதை இல்லன்னு நடிகர், பாடகர்னு ஏத்திட்டோம். பொம்பளைக்கு மட்டும் நடிகை, பாடகின்னு ஒருமையிலயே விட்டுட்டோம், கடைசில "வந்தார்"னு வினையில மட்டும் மரியாதை குடுத்து சமாளிக்கறோம். ஒரே நோட்டீஸ்ல மேல் வரியில "பாடகர்", கீழ் வரியில "பாடகி"ன்னு பாருங்க, ஒருத்தருக்கு நாற்காலி போட்டுட்டு இன்னொருத்தரை நிக்க வெச்ச மாதிரி இருக்கும். மருத்துவர் எங்கே, மருத்துவச்சி எங்கே? ஒரே வேரு, ஆனா பெண்பாலா ஆனதும் ஊர்ல பிரசவம் பாக்கற அம்மான்னு ஆயிடுச்சு, அந்த அம்மா எத்தனை உயிரைக் காப்பாத்தியிருந்தாலும் டாக்டருக்கு இருக்கற இடம் கிடைக்கல. இன்னைக்கு லேடி டாக்டரை யாராவது மருத்துவச்சின்னு போர்டு எழுதுவாங்களா? மருத்துவர்னுதான் எழுதறோம், அது பிழையா யாருக்கும் படலையே ஐயா.

கவிதாயினின்னு போடலாமா?

அவங்களே போட்டுக்கிட்டா போடுங்க, இல்லன்னா கவிஞர். எனக்குத் தெரிஞ்ச பெண் கவிஞர்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு அந்த வார்த்தை பிடிக்காது. டிவில தொகுப்பாளினின்னு சொல்றதும் இதே கதைதான்.

எங்க தாத்தா தெருக்கூத்து ஆடினவர், வேஷம் கட்டினா ஊரே கும்பிடும், மறுநாள் அதே ஊர்ல "கூத்தாடி"ன்னு சொல்லுவாங்க. இப்போ கட்டைக்கூத்துன்னு சிலர் சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணா? (செய்யாறு)

ஒண்ணுதான்னு பல பேர் சொல்லுவாங்க, வேறன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க, நான் அந்த சண்டைக்குள்ள போகல. காஞ்சிபுரம் பக்கம் ஆடற கலைஞர்கள் 1990-ல சங்கமா சேர்ந்தாங்க, கட்டைக்கூத்து சங்கம்னு. தெருன்னு முன்னாடி ஒட்டும்போது ஏதோ வழியில போறவன் ஆடற ஆட்டம்னு ஆயிடுது, நாங்க ராத்திரி முழுக்க பாரதம் பாடி ஆடறவங்கன்னு அவங்க வாதம். கட்டைன்னா கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம்னு மரத்துல செஞ்சு கண்ணாடித் துண்டு ஒட்டின அணிகலன், அதைக் கட்டிக்கிட்டு ஆடறதால கட்டைக்கூத்து. அந்தக் கட்டையைக் கட்டிப் பாத்திருந்தா தெரியும், அந்த கனத்தோட கிறுகிறுன்னு சுத்தறதுக்கு உடம்புல எவ்வளவு தெம்பு வேணும்னு. அவங்க வெச்சுக்கிட்ட பேரு, அதனால அவங்க நிகழ்ச்சிக்கு நான் அப்படித்தான் எழுதுவேன். தெருக்கூத்துன்னே பெருமையா சொல்ற ஜமாவுக்கு, அதாவது குழுவுக்கு, தெருக்கூத்துன்னே எழுதுவேன். கூத்தாடின்னு மட்டும் யாருக்கும் எழுத மாட்டேன், சங்க காலத்துல கூத்தர்னா எவ்வளவு மரியாதைன்னு மலைபடுகடாம் படிச்சவங்களுக்குத் தெரியும், அதுக்கு இன்னொரு பேரே கூத்தராற்றுப்படைதான். உங்க தாத்தா பேருக்கு முன்னாடி "கூத்துக் கலைஞர்"னு போடுங்க தம்பி.

ஸ்திரீபார்ட்னு நோட்டீஸ்ல போடறது தப்பா? பெண்களை இழிவு பண்ற மாதிரி இல்லையா?

இல்லவே இல்ல, ஸ்திரீபார்ட்னா நாடகத்துல பெண் வேஷம், ராஜபார்ட்னா ஆண் முக்கிய வேஷம், அது வேஷத்தோட பேரு, நடிக்கறவங்களோட பாலைச் சொல்ற வார்த்தை கிடையாது. மதுரை, புதுக்கோட்டை பக்கம் ஸ்பெஷல் நாடக நோட்டீஸை எடுத்துப் பாருங்க, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம்னு வரிசையா போட்டோவும் ஊர்ப் பேரும் இருக்கும். சின்னப் பசங்களை வெச்சு நாடகம் போட்ட அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனில ஸ்திரீபார்ட் எல்லாம் பசங்கதான் கட்டினாங்க, சிவாஜி கணேசனே பெண் வேஷம் போட்டு வளர்ந்தவர். டி.கே. சண்முகம் அவ்வையாரா நடிச்சு, அந்த வேஷமே பேருல ஒட்டி அவ்வை சண்முகம் ஆனார். அந்தப் பக்கம் கே.பி. சுந்தராம்பாள் மேடையில ராஜபார்ட், 1935-ல சினிமாவுல நந்தனாரா நடிக்க லட்ச ரூபாய் சம்பளம், ஆம்பளை வேஷத்துக்கு ஒரு பொம்பளை வாங்கின சம்பளம் அது. அதனால ஸ்திரீபார்ட்டை எடுக்காதீங்க. எனக்குக் கோவம் வர்ற இடம் வேற, நோட்டீஸ்ல "டான்ஸ்"னு போட்டிருக்கறவங்களை ஊர்க்காரங்க "டான்ஸ்காரி"ன்னு கூப்பிடறது. பபூனை யாரும் பபூன்காரன்னு சொல்றதில்லையே, இவங்களுக்கு மட்டும் ஏன் காரி?

தேவரடியார்ங்கறது நல்ல வார்த்தைன்னு சொல்றாங்க, ஆனா இப்போ அது கெட்ட வார்த்தை. கோயில் வரலாறு எழுதும்போது என்ன போடறது? (கும்பகோணம்)

கல்வெட்டுல என்ன இருக்கோ அதைப் போடுங்க, ஆனா ஒத்தை வார்த்தையில முடிச்சுடாதீங்க. தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் வெட்டி வெச்ச கல்வெட்டுல 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்குன்னு குடியமர்த்தின ஆடற பெண்கள், இருக்காங்க. எந்தச் சிறகு (தெருவுல எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தவங்க, பேரு என்ன, பங்கு எவ்வளவுன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கல்லுல இருக்கு, ஒரு பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு. ஆடறதுல பேர் வாங்கினவங்களுக்கு தலைக்கோலின்னு பட்டமே குடுத்திருக்காங்க, அது பெண்பால் பேருதான், ஆனா எவ்வளவு உசத்தி பாருங்க. அதனாலதான் சொல்றேன், இகரம் வந்தாலே இறக்கம்னு நான் சொல்ல வரல, அந்தப் பேரை சுமக்கறவங்களை ஊர் எப்படி நடத்துதோ அதுதான் பேரோட மதிப்பு. ஆடினவங்களை ஊர் ஒதுக்குச்சு, கூடவே பேரும் வசவாச்சு, 1947-ல பொட்டுக் கட்டறதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து விடறதை, தடை பண்ணி சட்டம் வந்த பிறகும் அந்த வசவு போகல. ஆனா உயிரோட இருக்கற குடும்பத்தைப் பத்தி எழுதறீங்கன்னா அவங்க சம்மதம் இல்லாம அந்தப் பேரைத் தொடவே தொடாதீங்க.

கல்யாணப் பத்திரிகையில "பெண் நாதஸ்வரக் கலைஞர்"னு போடச் சொல்றார் எங்க சித்தப்பா, கூட்டம் வருமாம்.

வேண்டாம்ப்பா. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாதஸ்வரம் வாசிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னுமா அதிசயம்? வாசிக்கறவங்க பேரைப் போட்டு கீழ நாதஸ்வரம்னு போடுங்க, பேரைப் பாத்தாலே தெரியும். மியூசிக் அகாடமி 1968-ல எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் குடுத்ததும் ஆண்களுக்குக் குடுத்த அதே சங்கீத கலாநிதிதான், பெண் கலாநிதின்னு தனியா ஒண்ணு குடுக்கல.

அப்போ அவார்டுலயும் சிறந்த நடிகர், நடிகைன்னு பிரிக்கக் கூடாதா?

இதுல நான் அவசரப்பட மாட்டேன். பெர்லின் பட விழாவுல 2021-ல இருந்து நடிப்புக்கு ஆண் பெண் பிரிவு இல்லாம குடுக்கறாங்க, முதல் தடவை முக்கியப் பாத்திரத்துக்கு வாங்கினது மாரன் எகெர்ட்ங்கற பெண். ஆனா இங்கிலாந்துல பாட்டுக்குக் குடுக்கற பிரிட் அவார்ட்ஸ்லயும் பிரிவை எடுத்தாங்க, 2023-ல வருஷத்தோட சிறந்த கலைஞருக்கான பட்டியல்ல இருந்த அஞ்சு பேருமே ஆம்பளைங்க. நம்ம சினிமாவுல பொம்பளைங்களுக்கு எழுதற பாத்திரம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும், இப்போ பிரிவை எடுத்தா அவங்க கைக்கு வர்ற ஒண்ணும் போயிடும். பிரிவு இருக்கட்டும், பேரை மட்டும் மாத்தலாம்: "சிறந்த நடிப்பு, பெண்", "சிறந்த நடிப்பு, ஆண்".

பரதம் ஆடற ஒரு திருநங்கையைக் கூப்பிட்டிருக்கோம். அழைப்பிதழ்ல திருநங்கைன்னு போடணுமா? (மதுரை)

உங்க ஊர் நர்த்தகி நடராஜ் 2019-ல பத்மஸ்ரீ வாங்கினது நாட்டியத்துக்காக, கிட்டப்பா பிள்ளைகிட்ட வருஷக்கணக்கா கத்துக்கிட்ட வித்தைக்காக. அதனால பரதநாட்டியக் கலைஞர்னு போடறதுதான் முதல். அடுத்து வர்றவங்களுக்குத் தைரியமா இருக்கும்னு திருநங்கைன்னு போடச் சொல்றவங்க உண்டு, ஆட்டத்தை மட்டும் பாருங்கன்னு சொல்றவங்களும் உண்டு. நீங்களா முடிவு பண்ணாம போன் போட்டுக் கேளுங்க.

அக்கா, எங்கட ஊரிலை கூத்துப் பழக்கிறவரை அண்ணாவியார் எண்டு சொல்லுவம். இப்ப ஒரு ரீச்சர் பிள்ளையளுக்குப் பழக்கிறா. அவவை எப்பிடிப் போடுறது? (யாழ்ப்பாணம்)

அண்ணாவியார்ங்கறதுல "ஆர்" ஏற்கெனவே இருக்கு, அதனால இலக்கணம் குறுக்க வராது. ஆனா அது வெறும் மரியாதைச் சொல் இல்லையே, பாட்டும் ஆட்டமும் தாளமும் எல்லாம் தெரிஞ்சு ஒரு கூத்தையே மேடையேத்தறவருக்கு ஊர் குடுக்கற பேரு. அந்த டீச்சர் அந்த வேலையைத்தான் செய்யறாங்கன்னா அதே பேரு அவங்களுக்கும் பொருந்தும்னுதான் எனக்குத் தோணுது. உங்க ஊர்ப் பெரியவங்ககிட்டயும் அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை பேசிட்டு நோட்டீஸ் அடிங்க.

அக்கா, கடைசி நேரம், பிரஸ்ல கேக்கறாங்க, கேக்கவும் ஆள் கிடைக்கல. என்ன போடறது?

பேரு, ஊரு, கலை. "இன்னார், மயிலாடுதுறை, வாய்ப்பாட்டு." அனுப்பிடு தம்பி, ப்ரூஃப் வந்ததும் இனிஷியலை மட்டும் ரெண்டு தடவை பாரு.