ஊருக்குப் பழைய நம்பர், வங்கிக்குப் புது நம்பர்

கேள்வி: வேலூர் கொசப்பேட்டையில் வீட்டிலேயே சமைத்து, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறேன். 9 வருடமாக ஒரே நம்பர்தான். நோட்டீசிலும் அதுதான், பேங்க், ஆதார், கேஸ் எல்லாவற்றிலும் அதுதான். இப்போது ராத்திரி 12 மணிக்கு வீடியோ கால் வருகிறது. லோன் வேண்டுமா என்று பகலெல்லாம் போன். செல்போன் கடையில் ஒரு தம்பி, "வருஷத்துக்கு 1,800 ரூபாய் கட்டுங்க அக்கா, விர்ச்சுவல் நம்பர் போட்டுத் தரேன். பேங்குக்கும் அதையே கொடுக்கலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தத் தம்பி சொன்னதில் பேங்க் பற்றிய பேச்சு சுத்தப் பொய். மற்றதில் பாதி உண்மை, அது இன்னும் ஆபத்து.

விர்ச்சுவல் நம்பர் என்றால் சிம் இல்லாத நம்பர். எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் அது இருக்கும். யாராவது அழைத்தால் இன்டர்நெட் வழியாக உங்கள் போனில் உள்ள செயலிக்கு வந்து சேரும். தனி ஆளுக்குச் சுலபமாகக் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கா, கனடா நம்பர்தான். நம்முடைய பிளஸ் 91 இருக்காது, பிளஸ் 1 என்று தொடங்கும். மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்தோ ஜார்க்கண்ட் தன்பாத்திலிருந்தோ வந்தவர், இரண்டு தெரு தள்ளி லாட்ஜில் உட்கார்ந்துகொண்டு, நாலு இட்லிக்காக அமெரிக்காவுக்கு ஐ.எஸ்.டி. போடுவாரா? போட்டாலும் அந்தக் காசு அவர் கையிலிருந்துதான் போகும். ஒரு வாரத்தில் உங்கள் வாடிக்கை போய்விடும்.

பேங்க் விஷயம் இன்னும் எளிது. யூபிஐ செயலியைப் போனில் முதன்முதலாகத் திறக்கும்போது, உங்கள் போனில் உள்ள சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாக வெளியே போகும். அந்த சிம்மும் வங்கியில் பதிவான நம்பரும் ஒன்றா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். சிம்மே இல்லாத நம்பரிலிருந்து அது போகாது. ஆதார் ஓடிபியும் அமெரிக்க நம்பருக்கு வராது.

அப்புறம், இது வாடகை நம்பர். அடுத்த வருடம் பணம் கட்ட மறந்தால் வேறொருவருக்குப் போய்விடும். அந்த ஆள் அதில் வாட்ஸ்அப் தொடங்கினால் உங்கள் கணக்கு உங்கள் கையில் இருக்காது. சிம் போனில் இல்லாமல் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் ஓடக்கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவே போட்டிருக்கிறது. இலவசமாக நம்பர் தரும் இணையதளங்களின் பக்கமே போகாதீர்கள். அங்கே வரும் எஸ்.எம்.எஸ்.ஸை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் ஓடிபியை எழுதி பழைய பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிவைத்தது மாதிரி.

"யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்பது உங்களுக்கு எதற்கு? நீங்கள் போலீசிடமிருந்து ஒளியவில்லையே. உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஊருக்கே தெரிந்த நம்பரில் உங்கள் சேமிப்புப் பணம் தொங்கிக்கொண்டு இருக்கக்கூடாது.

அதற்கு வழி இருக்கிறது. எல்லோரும் செய்ய நினைப்பதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். பழைய நம்பரை மறைக்கப் பார்க்காதீர்கள், 9 வருடமாக நோட்டீசில் இருந்த நம்பரை இனி மறைக்க முடியாது. அதை ஊருக்கே விட்டுவிடுங்கள். உங்கள் பெயரிலேயே ஒரு புது சிம் வாங்கி, சேமிப்பு, நகைக்கடன், பிக்சட் டெபாசிட் உள்ள வங்கிக்கும் ஆதாருக்கும் மட்டும் அதைக் கொடுங்கள். இன்றைய போன்களில் இரண்டு சிம் போடலாம், அதனால் இன்னொரு போன் தேவையில்லை. வங்கிக்கு நேரில் போய் மாற்றுங்கள், போனில் யாராவது "மாற்றித் தருகிறோம்" என்றால் வைத்துவிடுங்கள். ஆதாருக்கு சேவை மையம் போகலாம், தபால்காரரிடம் கேட்டாலும் செய்து தருவார். சாப்பாட்டுக் காசு வந்து விழ வேறொரு வங்கியில் சின்னக் கணக்கு ஒன்று பழைய நம்பரில் இருக்கட்டும். அதில் இரண்டு நாள் காய்கறிப் பணத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள். புது நம்பரை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், ரீசார்ஜ் கடை நோட்டில் எழுதாதீர்கள், மச்சினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க விடாதீர்கள்.

பழைய நம்பருக்கு வரும் லோன் தொல்லை குறைய 1909-க்கு அழைத்து விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். முழுதாக நிற்காது, குறையும். வாட்ஸ்அப்பில் தெரியாதவர் அழைப்பைச் சத்தமில்லாமல் ஆக்கும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். அந்த ராத்திரி வீடியோ கால் ஒரே ஆளிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். 181 மகளிர் உதவி எண்ணிலும் பேசலாம்.

இப்போது நான் மிகவும் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். புது சிம்மைக் குடைக்காரரிடம் வாங்காதீர்கள். ஆஸ்பத்திரிப் பக்கமும் காட்பாடி ஸ்டேஷன் வாசலிலும் வண்ணக் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்களே, அவர்களைச் சொல்கிறேன். எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் நடப்பது இது: ரேகை வைக்கும் கருவியில் நீங்கள் விரலை வைப்பீர்கள். சிவப்பு விளக்கு எரியும். "விழலீங்க, சர்வர் ஸ்லோ" என்று உங்கள் விரலைத் துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வார். முதல் தடவையே விழுந்திருக்கும். இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் திறந்து, மோசடிக்காரனிடம் விலைக்குப் போகும். இப்படிப் பிடிபட்ட வழக்குகள் இருக்கின்றன. பிறகு போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அதனால் சிம் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கே போங்கள். வாங்கி ஒரு வாரம் கழித்து 'சஞ்சார் சாத்தி' என்ற அரசு தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் "என்னுடையது இல்லை" என்று அங்கேயே குறிக்கலாம். எண்ணெய்க் கடாயை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

"வேற பேர்ல சிம் இருக்கு, வாங்கிக்கங்க" என்று யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். அடுத்தவர் அடையாளத்தைக் காட்டி ஏமாற்றி சிம் வாங்குவதற்கு, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

விர்ச்சுவல் நம்பர் யாருக்குமே உதவாது என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு இடத்தில் உதவும். நாளைக்கு உங்கள் தொழில் வளர்ந்து, நாலு பேர் ஆர்டர் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். தொழில் செய்பவர்களுக்கு இந்திய நம்பரையே தரும் கம்பெனிகள் இருக்கின்றன. "சாப்பாட்டுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று குரல் வரும், அழைப்பு உங்கள் நாலு பேரில் ஒருவர் போனுக்குத் திரும்பும். இதற்குத் தொழில் பதிவுச் சான்று, அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள், அது நல்லதுதான். வெளியே அந்த ஒரு நம்பர்தான் தெரியும். ஆனால் உள்ளே வரும் அழைப்புக்குத்தான் அந்தத் திரை. நீங்கள் உங்கள் போனிலிருந்து திரும்ப அழைத்தால் உங்கள் சொந்த நம்பர்தான் எதிரில் விழும். கம்பெனியின் செயலிக்குள் போய் அங்கிருந்து அழைத்தால்தான் மறையும். சாப்பாடு கொண்டுபோகிற பையன் மதியம் லாட்ஜ் வாசலில் நின்று, அவசரத்தில் தன் போனிலேயே "சார், கீழ வாங்க" என்பான். அத்தனை பணம் கட்டியதும் அந்த ஒரு அழைப்பில் வீணாகிவிடும். ஆட்களுக்கு அதைப் பழக்க முடியும் என்றால் வாங்குங்கள். இன்றைக்கு நீங்கள் தனி ஆள், உங்களுக்கு வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நம்பர் கசிவது உங்கள் நோட்டீசால் மட்டும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு, லாட்ஜில் ஒரு ரிஜிஸ்டர், துணிக்கடையில், மருந்துக் கடையில் எங்கும் முதல் கேள்வி "நம்பர் சொல்லுங்க". பில் போட நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. போன மாதம் ஒரு மருந்துக் கடையில் நான் தரமாட்டேன் என்றேன். "நம்பர் போடாம சிஸ்டம் பில் எடுக்காது சார்" என்றாள் அந்தப் பெண். பாவம், அவள் என்ன செய்வாள்? பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, விதிகள் வரவே 2025 நவம்பர் ஆகிவிட்டது. அந்த நோட்டில் எழுதிய நம்பருக்கு யார் பொறுப்பு என்று இன்றைக்கும் கடைக்காரருக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. இந்த நிலை மாறும்வரை நீங்கள் வெளியே சொல்ல வேண்டியது பழைய நம்பர் மட்டும்.

ஒன்று மட்டும் கவனம். எல்லா இடத்திலும் நம்பர் மாற்றியாகிவிட்டது என்று பழைய சிம்மைத் தூக்கி எறியாதீர்கள். நிறுத்திய நம்பரை 90 நாள் கழித்து கம்பெனி வேறொருவருக்குக் கொடுக்கலாம். நீங்கள் மாற்ற மறந்த ஏதோ ஒரு எல்.ஐ.சி. பாலிசியின், கூட்டுறவு சங்கக் கணக்கின் ஓடிபி அன்றைக்கு அவர் போனில் வந்து விழும். புது சிம்மும் அப்படித்தான், பேசாமல் வைத்திருந்தாலும் ரீசார்ஜ் தேதியை அடுப்படிக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.